ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கார் இல்லாதவர்களும் தப்ப முடியாது. அலமாரி மேல் இருக்கிறதே எமர்ஜென்சி லைட், அது இன்று இரவு கரண்ட் போனால் எரியுமா? "எரியும்னு நினைக்கிறேன்" என்பது தான் பெரும்பாலோர் சொல்லும் பதில். அந்த "நினைக்கிறேன்" பற்றித் தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் சொந்தக் கதை. கொஞ்சம் வெட்கமான கதை தான்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிற்கு சென்னைக்குப் போகாமல், வீட்டிலிருந்தே இணையத்தில் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் முறை 2018ல் வந்தது. என் தங்கையின் முறை 2021ல் வந்தது. அன்று மாலைக்குள் பட்டியலை முடித்தாக வேண்டும். எந்தக் கல்லூரி முதலில், எந்தப் பிரிவு அடுத்து என்று வீட்டில் கடைசி நிமிடம் வரை விவாதம். மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போய் விட்டது.

நான் அசரவில்லை. "கவலைப்படாதே, யுபிஎஸ் இருக்கு" என்றேன். கம்ப்யூட்டர் அணையவில்லை, மானிட்டரும் அணையவில்லை. ஆனால் இணையம் இல்லை. காரணம், பிராட்பேண்ட் பெட்டி ஹாலில் டிவி பக்கத்தில், சுவரில் உள்ள பிளக்கில் மாட்டப்பட்டிருந்தது. அதற்கு யுபிஎஸ் இணைப்பே கிடையாது. "மொபைல் ஹாட்ஸ்பாட் போடுண்ணா" என்றாள் தங்கை. போட்டேன். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் வைஃபை வசதியே இல்லை என்பது அப்போது தான் நினைவுக்கு வந்தது. யுஎஸ்பி கேபிள் வழியாக மொபைலின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம் என்பது அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை.

கடைசியில் அப்பா தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடி எடுத்து, பிராட்பேண்ட் பெட்டியை யுபிஎஸ்ஸில் மாட்டினார். நல்ல வேளை, வெளியிலிருந்து வரும் ஃபைபர் லைன் உயிரோடு இருந்தது. யுபிஎஸ் "பீப் பீப்" என்று கத்த ஆரம்பித்த பிறகு தான் தங்கை பட்டியலை முடித்தாள். "நீ என்ன இன்ஜினியரோ!" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யுபிஎஸ், ஹாட்ஸ்பாட் என்று இரண்டு மாற்று ஏற்பாடுகள் இருந்தன. இரண்டுமே கை கொடுக்கவில்லை. ஏனென்றால் இரண்டையும் நாங்கள் ஒரு முறை கூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

வீட்டில் தான் இப்படி, கோடிக்கணக்கில் பணம் கொட்டும் பெரிய நிறுவனங்களில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? அங்கும் இதே கதை தான். அதனால் தான் என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மாற்று ஒன்றை வாங்கி வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்து விடாது. முதலாவதை நாமே அணைத்து, இரண்டாவது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு தான் அது மாற்று. அதுவரை அது வெறும் இரும்புப் பெட்டி.

பெரிய அலுவலகத்தில் என்ன செய்கிறார்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக இரண்டு சொற்களை மட்டும் விளக்கி விடுகிறேன். ஓர் இடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி ஸ்விட்ச். ஒரு நெட்வொர்க்கை இன்னொரு நெட்வொர்க்கோடு இணைத்து, தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வது ரௌட்டர். உங்கள் வீட்டு பிராட்பேண்ட் பெட்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பின்னால் வரிசையாக இருக்கும் லேன் போர்ட்டுகள் ஸ்விட்ச்சின் வேலையைச் செய்கின்றன. வெளி உலகோடு பேசும் பகுதி ரௌட்டர்.

வீட்டில் இந்தப் பெட்டி பழுதானால் அன்று சினிமா பார்க்க முடியாது, அவ்வளவு தான். வங்கியிலோ மருத்துவமனையிலோ விமான நிறுவனத்திலோ பழுதானால் நிலைமை வேறு. எனவே அங்கே எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வைப்பார்கள். ஒரு ஸ்விட்ச்சுக்கு இரண்டு பவர் சப்ளை. முக்கியமான இடத்தில் இரண்டு ஸ்விட்ச். இரண்டு ரௌட்டர். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. இப்படிக் கூடுதலாக வைப்பதை ரிடன்டன்சி என்பார்கள். ஒன்று விழுந்தவுடன் இன்னொன்று தானாக வேலையை எடுத்துக் கொள்வதை ஃபெயில்ஓவர் என்பார்கள்.

இரண்டு ரௌட்டர்கள் எப்படி வேலையைப் பிரித்துக் கொள்கின்றன தெரியுமா? அண்ணன் தம்பி நடத்தும் மளிகைக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். கடைக்கு ஒரே போன் நம்பர். எடுப்பது அண்ணனா தம்பியா என்பது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத விஷயம். அதே போல இரண்டு ரௌட்டர்களும் சேர்ந்து ஒரே பொது முகவரியை வைத்துக் கொள்கின்றன. அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அந்த ஒரு முகவரி மட்டும் தான் தெரியும். ஒரு ரௌட்டர் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும்.

முதலாவது செத்து விட்டது என்று இரண்டாவதுக்கு யார் சொல்வது? இரவு நேரத்தில் தெருவில் கூர்க்கா விசில் ஊதிக் கொண்டே போவார் அல்லவா? விசில் கேட்கும் வரை அவர் இருக்கிறார் என்று அர்த்தம். ரௌட்டர்களும் அப்படித் தான். சிஸ்கோ நிறுவனத்தின் ஹெச்எஸ்ஆர்பி என்ற முறையில், வேலை செய்யும் ரௌட்டர் 3 விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். 10 விநாடி வரை சத்தமே இல்லை என்றால், காத்திருக்கும் ரௌட்டர் பொது முகவரியைத் தன் கையில் எடுத்துக் கொள்ளும். இது எல்லாம் மனிதர் கை படாமல் நடக்கும். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு.

ஆனால் மூன்று வகைகளில் இது காலை வாரி விடும். மூன்றுக்கும் உண்மையாக நடந்த உதாரணங்கள் உண்டு.

காப்பாற்ற வைத்ததே கவிழ்த்தது

இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு நடுவில் ஒரு கேபிள் இருக்கிறது. அது அறுந்து விட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது கேபிள் போடுகிறோம். நல்ல யோசனை போலத் தோன்றுகிறதா? இங்கே தான் ஆபத்து. இரண்டு கேபிள்கள் சேர்ந்து ஒரு வட்டம் உருவாகி விடுகிறது. ஒரு கம்ப்யூட்டர் "இந்த முகவரிக்காரர் யார்?" என்று எல்லோருக்கும் ஒரு கேள்வி அனுப்பினால், ஸ்விட்ச் அதை எல்லாப் பக்கமும் அனுப்பும். அது அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போய், இரண்டாவது கேபிள் வழியாகத் திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். ஈத்தர்நெட் தகவலில் "இத்தனை சுற்று போதும், நில்" என்று சொல்லும் எண்ணிக்கை எதுவும் கிடையாது. சில விநாடிகளில் நெட்வொர்க் முழுவதும் அந்த ஒரே கேள்வியின் நகல்களால் அடைத்துக் கொள்ளும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1985ல் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை வெளியிட்டார். ஸ்விட்ச்சுகள் தமக்குள் பேசி, வட்டம் உருவாக்கும் கேபிள்களைத் தாமாகவே மூடி வைக்கும். முதல் கேபிள் அறுந்தால், மூடியதைத் திறந்து விடும். பழைய முறையில் இதற்கு 50 விநாடி வரை பிடிக்கும். 2001ல் வந்த வேகமான பதிப்பில் பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடிந்து விடும். இன்றும் உலகில் கோடிக்கணக்கான ஸ்விட்ச்சுகளில் இது ஓடிக் கொண்டிருக்கிறது.

ஆனால் எந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய ஸ்பேனிங் ட்ரீயில், நெட்வொர்க்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 7 ஸ்விட்ச்சுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இங்கே ஒரு ஸ்விட்ச், அங்கே ஒரு ஸ்விட்ச் என்று ஒட்டிக் கொண்டே போனார்கள். தினமும் வேலை செய்கிறதே, பிறகென்ன?

2002 நவம்பர் 13 அன்று ஓர் ஆராய்ச்சியாளரின் மென்பொருள் மிகப் பெரிய அளவில் தகவலை அனுப்பத் தொடங்கியது. அந்தச் சுமையில் ஸ்விட்ச்சுகளின் கணக்கு குழம்பியது. எந்தக் கேபிளை மூட வேண்டும் என்பது தெரியாமல் போய் வட்டம் உருவானது. பாதுகாப்புக்காகப் போட்ட மாற்று வழிகளே நெட்வொர்க்கைத் திணறடித்தன. சரி செய்தால் சிறிது நேரம் வேலை செய்யும், மறுபடி விழும். இப்படி ஏறக்குறைய நான்கு நாட்கள்.

மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக் கொண்டு மாடிக்கு மாடி ஓடினார்கள். கம்ப்யூட்டரிலேயே பழகிய இளம் டாக்டர்களில் பலருக்குக் கையால் மருந்துச் சீட்டு எழுதுவது புதிதாக இருந்தது. இதில் நான் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அப்போது அங்கே கம்ப்யூட்டர் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் ஜான் ஹலாம்கா எதையும் மூடி மறைக்கவில்லை. நடந்தது என்ன, எங்கே தவறினோம் என்று வெளிப்படையாகப் பேசினார். அதனால் தான் இன்று நாம் இதைப் பாடமாகப் படிக்க முடிகிறது.

வீட்டிலும் இது நடக்கும் என்றால் நம்புவீர்களா? வீட்டில் கூடுதல் போர்ட்டுக்காக ஒரு சிறிய ஸ்விட்ச் வாங்கி வைத்திருப்பவர்கள், ஒரே லேன் கேபிளின் இரண்டு முனைகளையும் தவறிப் போய் அதிலேயே செருகிப் பாருங்கள். வேண்டாம், செருகாதீர்கள்! விலை குறைந்த ஸ்விட்ச்சுகள் பலவற்றில் ஸ்பேனிங் ட்ரீ கிடையாது. வீட்டு நெட்வொர்க் முழுவதும் உறைந்து போகும். சுத்தம் செய்த பிறகு "திடீர்னு நெட் வேலை செய்யலை" என்றால், முதலில் கேபிள்களைப் பாருங்கள்.

பாதி உயிரோடு இருந்த ரௌட்டர்

இரண்டாவது வகை இன்னும் விசித்திரமானது. கூர்க்கா தெருமுனையில் உட்கார்ந்து விசிலை மட்டும் ஊதிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? விசில் கேட்கிறது, எனவே மாற்று ஆள் வர மாட்டார். ஆனால் காவல் நடக்கவில்லை.

2016 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் நடந்தது இது தான். அவர்களது டேட்டா சென்டரில் ஒரு ரௌட்டர் பழுதானது. முழுவதும் செத்திருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. மாற்று ஏற்பாடு உடனே வந்திருக்கும். ஆனால் அது அரைகுறையாகப் பழுதானது. அதனால் மாற்று ஏற்பாடு கிளம்பவே இல்லை. டிக்கெட், போர்டிங், விமானப் பணியாளர் அட்டவணை எல்லாம் தடுமாறின. அடுத்த சில நாட்களில் சுமார் 2,300 விமானங்கள் ரத்தாகின. ஒரே ஒரு ரௌட்டர்!

நாம் பொதுவாக "பழுது" என்றால் விளக்கு அணைவது போல என்று நினைக்கிறோம். உண்மையில் கருவிகள் பெரும்பாலும் அப்படிச் சாவதில்லை. ஹார்ட் டிஸ்க் முதலில் மெதுவாகும். பிறகு ஒரு ஃபைல் திறக்காது. பிராட்பேண்ட் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், ஆனால் இணையம் வராது. விளக்கு எரிகிறதே என்று நாம் மொபைல் டேட்டாவுக்கு மாறாமல் அரை மணி நேரம் ரீஸ்டார்ட் செய்து கொண்டிருப்போம்.

இரண்டுக்கும் ஒரே அடித்தளம்

மூன்றாவது வகை தான் எங்கள் வீட்டுக் கதை. மேலே பார்த்தால் இரண்டு, கீழே போனால் ஒன்று.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ராஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் அதிகாலையில் விழுந்தது. மொபைல், வீட்டு இணையம் இரண்டும் ஒரே நேரத்தில் போயின. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். நெட்வொர்க்கை மேம்படுத்தும் வேலையின் போது ரௌட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கி விட்டார்கள். அந்த வடிகட்டி தான் அளவுக்கு அதிகமான பாதைத் தகவல்கள் மையத்துக்குப் போகாமல் தடுத்துக் கொண்டிருந்தது. அது போனதும் வெள்ளம் போலத் தகவல் பாய்ந்து, மைய ரௌட்டர்கள் மூச்சுத் திணறி விழுந்தன. ஒன்றல்ல. எல்லாம் ஒரே மாதிரியானவை, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளம். எனவே எல்லாம் சேர்ந்தே விழுந்தன. பத்து இருந்திருந்தாலும் பத்தும் விழுந்திருக்கும்.

மொபைலுக்கும் வீட்டு இணையத்துக்கும் ஒரே மையம். அது மட்டுமல்ல, பழுதைச் சரி செய்ய வேண்டிய இன்ஜினியர்கள் ரௌட்டர்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் வழியும் அதே மையத்தை நம்பித் தான் இருந்தது. அவர்கள் கையில் இருந்த மொபைலும் அதே நிறுவனத்தின் மொபைல்! ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசுவதே கஷ்டமானது. நாடு முழுவதும் கடைகளில் இன்டராக் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பலரால் அவசர உதவி எண் 911ஐக் கூட அழைக்க முடியவில்லை. முழுதாகச் சரியாக ஒரு நாளுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு தான் மொபைலுக்கும் வீட்டு இணையத்துக்கும் தனித்தனி மையம் அமைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

நம் ஊரும் இதற்கு விதிவிலக்கு அல்ல. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலுக்கடியில் இரண்டு கேபிள்கள் பழுதாகின. ஒன்று சீ-மீ-வீ 4. இது சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் கேபிள். மற்றொன்று ஃபிளாக் நிறுவனத்தின் கேபிள். இரண்டு வெவ்வேறு கேபிள்கள் தான், ஆனால் இரண்டும் ஒரே கடற்பகுதி வழியாகப் போயின. இந்தியாவில் இணையம் பல நாட்கள் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே அதே சீ-மீ-வீ 4 கேபிளும் இன்னொரு கேபிளும் பழுதான போதும் இந்தியாவில் வேகம் குறைந்தது. பெயர் இரண்டாக இருந்தால் போதாது, பாதையும் இரண்டாக இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு இரவு

இந்த மூன்று வகைக் கோளாறுகளையும் காகிதத்தில் வரைந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். படத்தில் எல்லாம் இரண்டு இரண்டாகத் தான் இருக்கும். அணைத்துப் பார்த்தால் தான் தெரியும். இதை நான் நேரில் கற்றுக் கொண்டேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். நான் மென்பொருள் எழுதுபவன். ஆனாலும் ஒரு ஞாயிறு இரவு "சும்மா தானே இருக்கே, வந்து பாரு தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார். சர்வர் அறையில் இரண்டு ரௌட்டர்கள். அன்று ஒன்றை அணைத்துப் பார்க்க மேலிடத்தில் அனுமதி வாங்கி இருந்தார். அனுமதி வாங்கவே மூன்று மாதம் ஆனதாம்.

"ஓடுற வண்டியை ஏண்ணே நிறுத்துறீங்க?" என்று நானும் கேட்டேன்.

"நாம நிறுத்தலைன்னா அதுவா நிக்கும் தம்பி. எப்ப நிக்கும்னு அது சொல்லாது" என்று சொல்லி விட்டுப் பவர் கேபிளைப் பிடுங்கினார்.

பத்து விநாடி ஆனது. இரண்டாவது ரௌட்டர் சொன்னபடி பொது முகவரியை எடுத்துக் கொண்டது. நான் கை தட்டாத குறை. அவர் மட்டும் ஒவ்வொரு பிரிவாகச் சோதித்துக் கொண்டே போனார். இரண்டு தளங்களில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இணையம் வரவில்லை. தேடிப் பார்த்தால், அந்தத் தளங்கள் பிறகு சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கான செட்டிங்கை முதல் ரௌட்டரில் போட்டவர்கள், இரண்டாவதில் போட மறந்து விட்டார்கள். ஸ்டெப்னி இருந்தது, காற்று இல்லை. அன்றே சரி செய்து, மறுபடி அணைத்துப் பார்த்து, வீட்டுக்குப் போகும் போது விடியற்காலை மூன்று மணி. திங்கட்கிழமை காலை யாருக்கும் எதுவும் தெரியாது. யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை. நடக்காமல் தடுத்த விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சோதனை செய்யப் போய் அதுவே பழுதை உண்டாக்கலாம். அணைத்த கருவி மறுபடி எழுந்திருக்காமல் போகலாம். சோதனைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், இரவு வேலைக்குப் பணம் வேண்டும். இதெல்லாம் உண்மை தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அணைத்தால் எழுந்திருக்காத கருவி, கரண்ட் போனாலும் எழுந்திருக்காது. ஞாயிறு இரவு, எல்லோரும் தயாராக நிற்கும் போது அது தெரிவது நல்லதா? திங்கள் காலை வங்கியில் வரிசை நிற்கும் போது தெரிவது நல்லதா? இரண்டாவது ரௌட்டர் வாங்க லட்சக்கணக்கில் செலவு செய்பவர்கள், அதைச் சோதிக்க ஓர் இரவு ஒதுக்கத் தயங்குவது எனக்கு இன்னும் புரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளி, மருத்துவமனை, வங்கி என்று எங்காவது "எங்களிடம் பேக்கப் இருக்கிறது" என்று சொன்னால், "கடைசியாக எப்போது அணைத்துப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். தேதி சொன்னால் நம்பலாம்.

உங்கள் வீட்டில் அரை மணி நேரம்

வீட்டுக்கு இரண்டு ரௌட்டர், இரண்டு பிராட்பேண்ட் எல்லாம் வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பேன். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இருப்பதைச் சோதியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

முதலில் திறந்திருக்கும் ஃபைல்களை எல்லாம் சேவ் செய்து மூடி விடுங்கள். பிறகு, யுபிஎஸ் மாட்டியிருக்கும் சுவர் சுவிட்சையும் பிராட்பேண்ட் பெட்டியின் சுவர் சுவிட்சையும் அணையுங்கள். கம்ப்யூட்டர் ஓடுகிறதா? பிராட்பேண்ட் பெட்டி எரிகிறதா? எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். யுபிஎஸ் பேட்டரி மூன்று நான்கு வருடங்களில் சோர்ந்து விடும். விளக்கு எரிவதை வைத்து அது உங்களுக்குத் தெரியாது. பிராட்பேண்ட் பெட்டிக்கென்றே சிறிய யுபிஎஸ்கள் கிடைக்கின்றன. வாங்கினால் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, பிராட்பேண்டை அணைத்து விட்டு மொபைல் வழியாகக் கம்ப்யூட்டருக்கு இணையம் கொண்டு வந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் வைஃபை இல்லை என்றால் யுஎஸ்பி கேபிள் வழியாக முயலுங்கள். ஒரு முறை செய்து விட்டால், அவசரத்தில் கை தானாகப் போகும். பிராட்பேண்டும் மொபைலும் ஒரே நிறுவனமா என்றும் பாருங்கள். கனடாவில் நடந்தது நினைவிருக்கட்டும். வீட்டில் ஒருவரிடமாவது வேறு நிறுவன சிம் இருப்பது நல்லது.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது உங்கள் ஃபைல்கள். ரௌட்டர் போனால் கடையில் வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைத்திருக்கிறீர்களா? அதிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நகல் எடுப்பது பாதி வேலை தான், அது திறக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே மாட்டி இருக்கிறதா? அப்படியானால் கம்ப்யூட்டரைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். உயர் மின்னழுத்தம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேலை முடிந்ததும் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு முன்னும் ஆயுத பூஜைக்கு முன்னும், இந்தச் சோதனை நடக்கிறது. சுவிட்சை அணைப்பது அம்மா. கடந்த முறை யுபிஎஸ் நான்கு நிமிடம் தான் தாங்கியது. பேட்டரியை மாற்றினோம். அன்று கரண்ட் போகவில்லை, எந்தப் படிவத்துக்கும் கடைசி நாள் இல்லை, யாரும் பதறவில்லை. பழுது தெரிய வேண்டிய நேரம் அது தான்.